ஒத்துழைக்காத பெண் என்று யாரும் இல்லை

டாக்டர், கீழ்க்கட்டளைக் கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது பொய்.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். நுரையீரல் விழிப்புணர்வுக் கூட்டம் என்று பேனர் கட்டினீர்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு மாஸ்க் கொடுத்தீர்கள். பிறகு மேடையில் ஏறி, "இந்தப் பக்கம் முழுக்க முகாம் போட்டுப் பார்த்துட்டோம். லேடீஸுக்குப் பெரிய பிரச்சினை இல்ல. நிறைய பேர் ஒழுங்கா ஊதல, கோஆப்பரேட் பண்ணல, அந்த ரிசல்ட்டை எல்லாம் எடுத்துட்டோம். மிச்சம் பேர் கிட்டத்தட்ட நார்மல்" என்றீர்கள். முன்வரிசை கை தட்டியது. நான் பின்னால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை.

ஊதாதவர்களை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சம் பேர் நார்மல் என்றால் அது என்ன கணக்கு? ஃபெயிலாகப் போகிற பிள்ளைகளைப் பரீட்சைக்கே அனுப்பாமல், பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் பாஸ் என்று போர்டு வைப்பார்களே, அந்தக் கணக்குதான்.

நான் டாக்டர் இல்லை. தாம்பரம் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்திய நெஞ்சக நோய் மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜனங்கள் அதை ஊதுற டெஸ்ட் என்பார்கள். என் பெயர் விமலா. கேம்ப் ரோடு ஓரம் சேலையூரில் குடியிருக்கிறேன். மெதுவாகப் பேச எனக்கு வராது. காது கேட்காதவரையும் ஊத வைத்த தொண்டை இது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிப்ளமா படித்தேன், எக்ஸ்ரே அறையில் கொஞ்ச நாள் ஃபிலிம் கழுவினேன், ஒருத்தர் வேலையை விட்டுப் போனதும் அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். வேலையைக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் தலைமை மருத்துவர் எபனேசர்.

எபனேசர் சார் வார்டுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் அறைக்கு வருவார். மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்று இருக்கும். அதை மெஷினில் மாட்டித் தள்ளினால் மெஷின் மூன்று லிட்டர் என்று காட்ட வேண்டும். காட்டினால்தான் அன்றைக்கு வேலை தொடங்கும். தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒரு நாள் சளி பிடித்து லீவு போட்டவர், பார்க்காமல் இருக்க முடியாமல், மெஷின் மூன்று லிட்டர் காட்டியதா என்று போனில் கேட்டார். குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. ஆனால் நாங்கள் குரலை உயர்த்தாவிட்டால் பிடிக்காது.

"என்னம்மா விமலா, கோயில்ல அர்ச்சனையா பண்ற? கிளம்பின பஸ்ஸை நிறுத்தச் சொல்ற மாதிரி கத்து. உன் சத்தத்துலதான் அவங்க நுரையீரல் காலியாகணும்."

டெஸ்ட் என்பது இதுதான். மூக்கில் கிளிப். வாயில் குழாய், உதடு இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பட்டாசு வெடித்த மாதிரி ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். அதோடு முடிந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். முடியாது. தள்ளிய பிறகும் உள்ளே ஒரு சொட்டுக் காற்று இல்லாமல் போகும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கடைசிக் காற்று எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதில்தான் நோய் தெரியும். பாதியில் விட்டால் ஒன்றும் தெரியாது. நேராக நிமிர்ந்து உட்கார வேண்டும். இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது. இது எங்கள் பாடத்தில் உள்ள விதி. இந்தக் கால் விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் டாக்டர், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எபனேசர் சாரிடம் இன்னொரு குணம். கிராஃப் கோணலாக வந்தால் நோயாளியைத் திட்டவே மாட்டார். எங்கள் பக்கம் திரும்புவார். "அவங்க தப்பா ஊதல. நீ தப்பா ஊத வச்சிருக்க." எனக்குக் கோபம் கோபமாக வரும். ஊதுவது நானா? தனலட்சுமி வந்த பிறகுதான் அந்த மனிதர் சொன்னது எனக்குப் புரிந்தது.

தனலட்சுமி பம்மல் பக்கத்துக்காரி. சின்ன வயதிலிருந்து மலையோரத்து கிரஷர்களில் கல் சுமந்தவள். கிரஷர்களை மூடிய பிறகு நாவலூரில் ஐ.டி. பிள்ளைகள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் சமையலுக்குப் போனாள். சோறு பொங்குவது பின்பக்கம் தகரக் கொட்டகையில், விறகு அடுப்பில். பீடி சிகரெட்டைத் தொட்டதில்லை. என்னிடம் வந்தபோது நின்றுகொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியாது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் குளிப்பாள். ஏற்கெனவே வேறு இரண்டு இடத்தில் ஊத வைத்து, இரண்டு இடத்திலும் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரு டாக்டர் எல்லாம் மனசுதான் என்று தூக்க மாத்திரை கொடுத்திருந்தார். அதை அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கூட வந்தவர் அவள் புருஷன் ஏழுமலை. ஆட்டோ ஓட்டுபவர். அறைக்குள் நுழையும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இவளுக்கு ஒன்னியும் இல்ல மேடம். வேலைக்குப் போவ மனசு இல்ல, அதான் நடிச்சிகினு கீறா. நான் தினிக்கும் ஒரு கட்டு பீடி வலிக்கிறேன். எனக்கு மூச்சு வாங்குதா பாரு. ஊதிக் காட்டட்டா?"

"நீ ஊதினா மெஷினு நாறிப்பூடும்" என்றாள் தனலட்சுமி. மூச்சு வாங்கினாள். "கம்னு வெளிய..." மறுபடி வாங்கினாள். "போய் நில்லுய்யா."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நடிக்கிறவள் சண்டை வந்தால் நடிப்பை மறந்துவிடுவாள். இவளுக்குப் புருஷனைத் திட்டவே மூச்சு பத்தவில்லை.

ஏழுமலையை வெளியே அனுப்பினேன். எங்கள் கதவில் மேல்பாதி கண்ணாடி. போனவர் அந்தக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

முதல் ஊதல் ஜோராகத் தொடங்கியது. கோடு மேலே ஏறியது, சட்டென்று அறுந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. பார்த்தால் கால் மேல் கால் போட்டு, தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலை எடும்மா. பாதத்தைத் தரையில வை."

எடுத்தாள். மூன்றாவது ஊதல் முன்னதைவிட மோசம். நான் கத்தினேன். "ஊது ஊது ஊது, விடாத, இன்னும் இன்னும்!" அடுத்த ஊதலில் அவளே கிளிப்பைப் பிடுங்கி மேஜையில் எறிந்தாள்.

"போதும்மா. எயுதிக்கோ. ஒத்துழைக்கலன்னு எயுதிக்கோ. அல்லாரும் அதான் எயுதுறாங்க, நீயும் எயுது."

எழுந்தாள். நாற்காலியின் ரெக்சின் சீட் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டு, கண்ணாடியில் இருந்த முகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.

"இன்னா பண்றது? மூணு பெத்த வயிறு. தும்முனாவே நிக்காது. காலை இறுக்கிகினு இருந்தா நிக்குது. நீ காலை எடு காலை எடுன்ற. அந்தாண்ட அந்தாளு பாத்துகினு கீறான். எப்டிமா ஊதுறது?"

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"யாராண்ட சொல்றது? போன ஆஸ்பத்திரில மெஷினாண்ட ரெண்டு வாலிபப் பசங்க. தம்பி, எனக்கு நிக்காதுப்பான்னு அவன்கிட்ட சொல்லச் சொல்றியா?"

எனக்கும் இரண்டு பிரசவம். பஸ்ஸுக்கு ஓடும்போது எனக்கும் அதே கதைதான். நான் யாரிடம் சொன்னேன்? துணியை எடுத்து நாற்காலியைத் துடைக்கப் போனேன். "நீ தொடைக்காத, குடு" என்று பிடுங்கினாள். நான் விடவில்லை. ஒரு துணிக்கு இரண்டு பேரும் இழுபறி.

பிறகு எபனேசர் சார் அறைக்குப் போனேன். ஆம்பளை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தாழ்வாரத்தில் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாசூக்கான வார்த்தையும் கிடைக்கவில்லை. அப்படியே சொன்னேன்.

"சார், அந்தம்மாவால ஊத முடியும். ஊதினா யூரின் போயிடுது. அதான் பாதில நிறுத்துறாங்க."

அவர் பேனாவை மூடினார். முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை. "எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்போம் விமலா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. சரி, இனிமே பார்ப்போம்" என்று எழுந்தார்.

தாழ்வாரத்தில் நின்ற ஏழுமலையின் தோளில் கை போட்டார். "நீ ஊதிக் காட்றேன்னியாமே? வாப்பா, எனக்குக் காட்டு." பக்கத்து அறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே கையில் பிடித்து ஊதும் சின்ன மீட்டர் இருந்தது. ஏழுமலை ஊதினார், இருமினார், சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினார். எண் மட்டும் நன்றாகத்தான் வந்தது.

"பாத்தியா சார், எனக்கு ஒன்னும் இல்ல!"

"இன்னும் கெடல. பீடியை விடலன்னா கெடும்" என்றார் சார்.

அதற்குள் நான் கதவுக் கண்ணாடியில் பழைய செய்தித்தாளை ஒட்டினேன். தனலட்சுமியைக் கழிவறைக்குப் போய்வரச் சொன்னேன். வார்டிலிருந்து பருத்தித் துணி வாங்கி மடித்துக் கொடுத்தேன். நாற்காலியில் ரப்பர் ஷீட் விரித்தேன்.

"இப்ப எவ்ளோ போனாலும் பரவால்ல. நான் பாத்துக்கிறேன். நீ காத்தை மட்டும் யோசி."

"உன் ரூமு நாறும்."

"நாறட்டும். ஊது!"

ஊதினாள். அம்மாடி, என்ன ஊதல்! கோடு ஏறியது, இந்த முறை அறுந்து விழவில்லை. உள்பக்கமாகத் தொய்ந்து, கயிறு தளர்ந்த கட்டில் மாதிரி குழிந்து, மெதுவாக, மெதுவாக, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. நல்ல நுரையீரல் எப்போதோ காலியாகியிருக்கும். இவளுக்கு வந்துகொண்டே இருந்தது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். குழாயை வாயிலிருந்து எடுத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை:

"போச்சு."

"போகட்டும். அடுத்தது."

"அதுவும் போச்சு" என்றாள் அடுத்ததன் முடிவில். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்றாவதும் ஊதினாள். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடாகத் தெரிகிற மாதிரி மூன்று கிராஃப். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, காத்திருந்து, மறுபடி ஊத வைத்தேன். பெரிய மாற்றம் இல்லை. அப்படியென்றால் வந்து போகிற ஆஸ்துமா இல்லை, நிரந்தரமாகச் சுருங்கிப்போன குழாய். புகை பிடிப்பவர்களுக்கு வரும் நோய் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நோய்தான் அது.

எபனேசர் சார் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தார்.

"ஏழுமலை, உன் சம்சாரம் நடிக்கல. மூச்சுக்குழாய் சுருங்கிப் போயிருக்கு."

"இவ பீடியே குடிச்சதில்லையே சார்!"

"பீடி குடிச்சது நீ. கல்லுத் தூசி தின்னது இவங்க. விறகுப் புகை குடிச்சதும் இவங்க. நெஞ்சுக்கு எந்தப் புகையா இருந்தா என்ன?" தூக்க மாத்திரை அட்டையை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "இது உள்ள போனா இருக்கிற மூச்சும் அடங்கும்."

தனலட்சுமி அவர் பக்கம் திரும்பி, "இன்னாய்யா, இப்ப சொல்லு. நடிக்கிறேனா?" என்றாள். அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். அந்தக் காட்சியைப் பார்த்ததற்காகவே என் வேலைக்காலம் முழுவதும் தகும்.

இன்ஹேலர் கொடுத்தோம், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம். ஹாஸ்டல்காரரிடம் அவளே போய், "கேஸ் அடுப்பு வெச்சா வர்றேன், இல்லாங்காட்டி நீயே பொங்கிக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சாம்பார் இல்லாமல் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். கேஸ் வந்தது. கெட்ட நுரையீரல் நல்ல நுரையீரலாக மாறாது, அது எனக்குத் தெரியும். ஆனால் சில மாதம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நான் காய்கறிப் பையோடு ஏறி, நடுவில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா டெக்னீசன் அக்கா, மூச்சு வாங்குதா? ஊதிப் பாக்கலாமா?"

தனலட்சுமி. கையில் பை வேறு. ஏறி வரும் வழியில் ஒரு தடவைதான் நின்றாளாம், சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தேன்.

தனலட்சுமி ஊதிவிட்டுப் போன மறுவாரமே எங்கள் அறையில் விதி மாறியிருந்தது. பெண்களுக்குப் பெண் டெக்னீஷியன். கதவில் கண்ணாடி கிடையாது. முதலில் கழிவறை. வந்த ஒவ்வொரு பெண்ணிடமும், பெயர் கேட்கிற மாதிரி சாதாரணமாக ஒரு கேள்வி: இருமினால் தும்மினால் யூரின் போகுமா? நிர்வாக அலுவலர் பயந்தார். "இதெல்லாம் கேட்டா கம்ப்ளெயின்ட் வரும் மேடம்." ஒன்றும் வரவில்லை. சேலையூர்ப் பள்ளிக்கூட டீச்சரம்மாக்கள், பேங்க் ஆபீசர், வீட்டு வேலை செய்கிறவர்கள், எல்லோரும் ஒரு நொடி தயங்கிவிட்டு அப்பாடா என்று தலையாட்டினார்கள். முன்பு திருப்பி அனுப்பிய பெண்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார் எபனேசர் சார். வந்தார்கள், ஊதினார்கள். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதப்பட்டிருந்தவர்களில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக நோய் தெரிந்தது, மருந்து கிடைத்தது. நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்த வார்த்தை எங்கள் அறையிலிருந்து வெளியே போகவில்லை. ஜெயித்தோம். அடக்கமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஜெயித்தோம்.

இப்போது ஆராய்ச்சிக்காரர்களே எழுதுகிறார்கள். சிகரெட் மட்டும் காரணம் இல்லை, அடுப்புப் புகை, வேலையிடத்துத் தூசி, குழந்தைப் பருவத்தில் வந்த நிமோனியா, ஆறிப்போன காசநோய் விட்ட தழும்பு, ரோட்டுப் புகை எல்லாம் நுரையீரலைக் கெடுக்கும் என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் எண் எங்கிருந்து வருகிறது? ஒரு நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்து ஊதுவதிலிருந்து வருகிறது. அவளை ஊத விடாமல் செய்துவிட்டு நீங்கள் என்ன கண்டுபிடிப்பீர்கள்?

உங்கள் முகாமை நான் கண்ணால் பார்த்தேன் டாக்டர். நாவலூரில் என் மகள் குடியிருக்கும் அபார்ட்மென்டில் போட்டீர்கள். மெஷினை கிளப் ஹவுஸ் வாசலில் வைத்திருந்தீர்கள். வரிசையில் செக்யூரிட்டி ஆட்கள், டிரைவர்கள், அவர்களுக்கு நடுவே மாடிப்படி கூட்டும் பெண்கள். ஒரு பையன் "காலைப் பிரிச்சு உக்காருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். வரிசையில் ஒருத்தன் கிண்டலாக ஏதோ சொன்னான், நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண்கள் பாதி ஊதலில் நிறுத்தினார்கள். நிறுத்தாமல் என்ன செய்வார்கள்? உங்கள் ஆள் "நெக்ஸ்ட்" என்றான்.

என் மகள் பிளாக்கில் கூட்டுகிற பெண் ஒவ்வொரு மாடியிலும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். லேசான வேலை கேட்டாள். சூபர்வைசர், "கேம்ப்ல பாத்தாச்சு, லேடீஸுக்கு ஒன்னும் இல்லன்னு பெரிய டாக்டரே மைக்ல சொல்லிட்டாரு, போய் வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டார். நீங்கள் மைக்கில் சொன்ன வார்த்தையால்தான் அவள் இன்னும் மாடி ஏறுகிறாள்.

மண்டபத்தில் கேள்வி கேட்க எழுந்தேன். "டைம் இல்ல மேடம்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து உங்கள் உதவியாளர் போன் செய்தார். "சார் உங்களை நேர்ல வரச் சொன்னார் மேடம். காபி சாப்பிட்டுக்கிட்டே பேசிக்கலாம்." எனக்குக் காபி வேண்டாம்.

அடுத்த கூட்டம் சேலையூரில் என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். வருகிறேன். நாவலூரில் பாதியில் நிறுத்திய பெண்களையும் அழைத்துக்கொண்டு வருகிறேன், முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். நீங்கள் எத்தனை பெண்களின் முடிவை எடுத்துப் போட்டீர்கள்? ஏன் நிறுத்தினாய் என்று அவர்களில் ஒருத்தியையாவது கேட்டீர்களா? கதவு உள்ள ஓர் அறையில் அவர்களை மறுபடி ஊத வைப்பீர்களா, மாட்டீர்களா? போனில் வேண்டாம், தனியாக வேண்டாம். அவர்கள் முகத்தைப் பார்த்து, மைக்கில் பதில் சொல்லுங்கள்.